ஸ்மார்ட் போர்டில் படம், ஜெராக்ஸில் சிறுகதை, யூடியூபில் ஆண்டு விழா: சட்டம் ஆசிரியருக்கு எதுவரை இடம் தருகிறது?

செங்காந்தள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்களுக்காகப் பதிப்புரிமை பற்றி ஒரே தாளில் ஒரு குறிப்பு தயாரிக்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர் அறையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பாட்டு 30 விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்கிறார் ஒருவர். புத்தகத்தில் 10 சதவீதம் வரை ஜெராக்ஸ் போடலாம் என்கிறார் இன்னொருவர். கல்விக்காக என்றால் எதுவுமே குற்றமில்லை என்பவரும் உண்டு. எதற்கு வம்பு, எதையும் தொடாதீர்கள் என்பவரும் உண்டு.

தெளிவு வேண்டியவை இவை. பத்தாம் வகுப்புக்கு ஒரு சிறுகதையை 45 பிரதி எடுத்துக் கொடுக்கலாமா? ஸ்மார்ட் போர்டில் ஒரு திரைப்படக் காட்சியையோ முழுப் படத்தையோ போட்டுக் காட்டலாமா? யூடியூப் காணொளியைத் தரவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாமா? (பாட நேரத்தில் இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும்.) ஆண்டு விழாவில் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதைப் பள்ளியின் சேனலில் ஏற்றலாமா? இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டுப் பள்ளிக்குப் பொருந்துகிற மாதிரி சொன்னால் பெரிய உதவி.

பிரிவு52 எழுதியது:

சதவீதக் கணக்கையும் விநாடிக் கணக்கையும் முதலில் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி எந்த அளவும் கிடையாது. அந்த 10 சதவீதமும் 30 விநாடியும் அமெரிக்காவில் கல்வி நிறுவனங்களும் உரிமையாளர்களும் உட்கார்ந்து பேசி வகுத்த வழிகாட்டுதல்களிலிருந்து இங்கே வந்தவை. அங்கேயே அவை சட்டமாக இல்லை.

நாம் பார்க்க வேண்டியது பிரிவு 52(1). எந்தெந்தச் செயல்கள் பதிப்புரிமை மீறல் ஆகாது என்ற பட்டியல் அது. ஆசிரியருக்கு அதில் இரண்டு உட்பிரிவுகள் உயிர்நாடி. 'ஐ' (ஆங்கில i) உட்பிரிவு, பாடம் கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் படியெடுக்கலாம் என்கிறது. தேர்வு வினாவிலும் அதற்கான விடையிலும் சேர்க்கலாம். 'ஜே' (j) உட்பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளில் நடக்கும் நிகழ்த்துதலையும் படம், ஒலிப்பதிவு போட்டுக் காட்டுவதையும் பற்றியது. 2012 திருத்தத்துக்கு முன் அச்சான கையேடுகளில் இவை ஓர் எழுத்து முன்னால் இருக்கும், அதாவது 'எச்', 'ஐ' என்று. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினால் உட்பிரிவு மாறிவிடும், கவனம்.

அந்தத் திருத்தம் எழுத்தை மட்டும் மாற்றவில்லை. முன்பு ஆசிரியருக்கான விலக்கு இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்புகளுக்கு மட்டும் இருந்தது. 2012-க்குப் பிறகு "எந்தப் படைப்பும்" என்று ஆகிவிட்டது. திரைப்படமும் ஒலிப்பதிவும் இப்போது அதற்குள் வந்துவிடுகின்றன. ஒரு படத்திலிருந்து மூன்று நிமிடக் காட்சியை வெட்டிப் பாடத்துக்கு வைத்துக்கொள்ள ஆசிரியருக்கு இடம் கிடைத்தது இதனால்தான்.

சிறுகதைக்கு வருவோம். 45 பிரதி எடுக்கலாம். இதற்குப் பின்னால் பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், தில்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடையின் மீதும் வழக்குப் போட்டன. பல நூல்களின் அத்தியாயங்களைச் சேர்த்துப் பாடத் தொகுப்பாக ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தது குற்றம் என்பது அவர்கள் வாதம். 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, ஒவ்வொரு தொகுப்பும் பாடத்துக்குத் தேவையானதுதானா என்பதை விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. அப்போது அது சொன்னவை: பாடம் கற்பித்தல் என்பது கரும்பலகை முன் நிற்கும் 40 நிமிடத்தோடு முடிவதில்லை. எத்தனை பக்கம் என்று எல்லை கிடையாது. கற்பிக்கும் நோக்கத்துக்கு அது தேவையா என்பதே அளவுகோல். ஆசிரியர் தானே இயந்திரத்தை இயக்க வேண்டும் என்றும் இல்லை, கடைக்காரர் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுக்கலாம். 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. பதிப்பாளர் தரப்பு அமைப்பு ஒன்று மேலே கொண்டுபோனதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஒன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. வலுவான மேற்கோளாகத்தான் நிற்கும். "நோக்கத்துக்குத் தேவை" என்ற அளவுகோல் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதும் முக்கியம். ஒரு தொகுப்பிலிருந்து பாடத்தோடு ஒட்டிய ஒரு கதை தேவை. அதில் உள்ள 20 கதைகளையும் போட்டுப் பைண்டு செய்து கொடுத்தால் எந்தப் பாடத்துக்குத் தேவை என்று விளக்க முடியாது. பயிற்சி ஏடு இன்னும் மோசம். மாணவர் எழுதித் தீர்ப்பதற்காகவே விற்கப்படுவது அது. ஒரு பிரதி வாங்கி வருடா வருடம் முழு வகுப்புக்கும் ஜெராக்ஸ் போட்டால், வாங்க வேண்டியதை வாங்காமல் விட்டோம் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்காது.

பிரதியின் அடியில் கதையின் பெயர், ஆசிரியர், தொகுப்பு, பதிப்பகம் நான்கையும் எழுதிவிடுங்கள். விலக்கு இருந்தாலும் எழுதியவர் பெயரைக் கேட்கும் உரிமை பிரிவு 57-இல் தனியாக நிற்கிறது. பிள்ளைகளுக்கும் அது நல்ல பழக்கம்.

படம் காட்டுவதற்கு 'ஜே'. பார்ப்பவர்கள் பள்ளியின் ஆசிரியர்கள், பணியாளர்கள், மாணவர்கள், பெற்றோர், பாதுகாவலர், பள்ளிச் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள், இவ்வளவு பேரோடு நிற்க வேண்டும். நின்றால் முழுப் படமும் காட்டலாம். அந்தக் கூட்டத்துக்குக் "கொண்டுசேர்ப்பதும்" அதே உட்பிரிவில் இருப்பதால், மாணவர்கள் மட்டும் இருக்கிற இணைய வகுப்பில் படத்தை ஓடவிடுவதும் இதில் அடங்கும். ஊர் மக்கள் எல்லோரும் வாருங்கள் என்று பேனர் கட்டிய அந்த நிமிடம் 'ஜே' உங்களைக் கைவிட்டுவிடும்.

சட்டம் வேறு, ஓடிடி நிறுவனங்களோடு நாம் ஒப்புக்கொண்ட நிபந்தனை வேறு. நெட்ஃபிளிக்ஸ் கணக்கு வீட்டுக்காரர்களின் சொந்த உபயோகத்துக்கு என்றுதான் கொடுக்கப்படுகிறது. ஆனால் அந்த நிறுவனமே தயாரித்த சில ஆவணப்படங்களுக்குக் கல்வித் திரையிடலுக்கு அனுமதி தருகிறது. எந்தப் படத்துக்கு உண்டு என்பது அவர்களுடைய ஊடகத் தளத்தில் படத்தின் விவரப் பக்கத்திலேயே இருக்கும். கட்டணம் வாங்கக் கூடாது, நிதி திரட்டக் கூடாது. ஆசிரியர் ஒருவரின் சொந்தக் கணக்கைப் பள்ளிப் பலகையில் நிரந்தரமாக லாகின் செய்து வைப்பதைக் குறிப்பில் "வேண்டாம்" பகுதியில் போடுங்கள்.

ஒலிமேசை எழுதியது:

யூடியூபும் ஆண்டு விழாவும் பற்றி நான் சொல்கிறேன். பள்ளிகள் மாட்டிக்கொள்வது வகுப்பறையில் அல்ல, சேனலில்தான்.

தரவிறக்கம்: யூடியூபின் விதிமுறைப்படி அவர்களே கொடுக்கும் வசதி இல்லாமல் வேறு செயலி வைத்து இறக்கக் கூடாது. கற்பிப்பதற்காக எடுத்தோம் என்று சட்டத்தில் வாதம் இருக்கலாம், கணக்கு முடங்கினால் அந்த வாதம் அங்கே செல்லாது. இணையம் மெதுவாக இருக்கும் பள்ளிக்கு மூன்று வழி இருக்கிறது. யூடியூப் செயலியிலேயே ஆஃப்லைன் சேமிப்பு இருக்கும் காணொளி என்றால் முந்தைய நாள் கைபேசியில் சேமித்து, அடாப்டர் வைத்துப் பலகையில் இணையுங்கள். அரசின் திக்ஷா செயலியில் உள்ள பாடக் காணொளிகளைச் செயலிக்குள் இறக்கிவைத்தே பார்க்கலாம். மூன்றாவது, காணொளியை உருவாக்கியவருக்கே எழுதிக் கேட்பது. தமிழில் அறிவியல் பாடம் எடுத்துப் போடும் தனிநபர்கள் பலர், பள்ளிக்கு என்றால் கோப்பையே அனுப்பிவிடுவார்கள்.

இணையம் ஓடுகிறது என்றால் இணைப்பு மட்டும் போதும். ஓடும் காணொளியின் மேல் வலச்சொடுக்கு செய்தால் "இந்த நேரத்திலிருந்து இணைப்பை நகலெடு" என்று வரும். பாடக் குறிப்பில் அதை ஒட்டிவிட்டால் விளம்பரம் முடிந்ததும் நேராக 4:10-க்குப் போய் நிற்கும். வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

இனி ஆண்டு விழா. மேடையில் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவது, பார்ப்பவர்கள் மேலே சொன்ன வட்டத்துக்குள் இருக்கும்வரை 'ஜே' பார்த்துக்கொள்ளும். அதைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றுவது உலகத்துக்கே கொண்டுசேர்ப்பது. 'ஐ'யும் உதவாது, 'ஜே'யும் உதவாது. டிக்கெட் போட்டு நடத்தினால், அல்லது மண்டபத்தில் பொதுமக்களை அழைத்தால், பாட்டுக்கும் இசைக்கும், பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் உரிமம் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பிடமும், ஒலிப்பதிவுக்கு அதன் உரிமையாளரிடமோ அவர் சார்பில் உரிமம் தரும் அமைப்பிடமோ அனுமதி வாங்க வேண்டும். அந்த மேடை அனுமதி காணொளிக்குச் செல்லாது. படத்தோடு பாட்டைச் சேர்ப்பதற்கு ஆடியோ நிறுவனத்திடம் தனி அனுமதி வேண்டும். ஒரு பள்ளிக்கு அது நடைமுறையில் கைக்கு எட்டாது.

ஏற்றினால் என்ன ஆகும் என்பதில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் உண்டு. கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை பாட்டைக் கண்டுபிடித்தால் வருவது கிளெய்ம். அப்போது உரிமையாளர் விருப்பப்படி விளம்பர வருமானம் அவருக்குப் போகும், அல்லது காணொளி சில நாடுகளில் தெரியாது, அல்லது முழுக்கத் தடைபடும். சேனலுக்கு அதனால் கறுப்புப் புள்ளி இல்லை. உரிமையாளர் நீக்கக் கோரிக்கை அனுப்பி, யூடியூப் அதை ஏற்றுக் காணொளியை எடுத்தால்தான் ஸ்ட்ரைக். அது 90 நாள் நிற்கும். அந்த 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனல் போய்விடும். ஐந்து வருட ஆண்டு விழாவும் அதோடு போகும். மூலக் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

"பிரைவேட் என்று போட்டால் தெரியாது" என்று நம்புகிறார்கள். பிரைவேட், அன்லிஸ்டட் எல்லாவற்றையும் அந்த முறை சோதிக்கும். இதையே நமக்குச் சாதகமாக வைத்துக்கொள்ளலாம். காணொளியை பிரைவேட் ஆக ஏற்றுங்கள். ஏற்றும் பக்கத்தில் "Checks" (சரிபார்ப்பு) என்ற கட்டம் வரும். அது முடியும்வரை காத்திருங்கள். பாட்டு பிடிபட்டால் எத்தனையாவது நிமிடம் முதல் எத்தனையாவது நிமிடம் வரை என்று காட்டும். ஸ்டுடியோவில் அந்தக் காணொளிக்கு எதிரே காப்பிரைட் என்று இருப்பதைச் சொடுக்கினால் அந்தப் பகுதியை வெட்ட, வேறு பாட்டு வைக்க, பாட்டை மட்டும் ஊமையாக்க என்று மூன்று வழி தரும். பாட்டை மட்டும் ஊமையாக்கும் வழி, தலைமையாசிரியர் பேசும்போது பின்னால் பாட்டு ஓடியிருந்தால் பேச்சையும் சிதைத்துவிடும். வெட்டுவதே மேல். காணொளி 6 மணி நேரத்தைத் தாண்டினால் இந்தக் கருவிகள் வேலை செய்யாது, அதனால் முழு விழாவையும் ஒரே கோப்பாக ஏற்றாதீர்கள்.

நேரலைதான் ஆபத்து. ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு பிடிபட்டால் திரையில் உங்கள் விழாவுக்குப் பதில் ஓர் அறிவிப்புப் படம் வரும். நிறுத்தச் சொன்னதைக் கவனிக்காமல் தொடர்ந்தால் நேரலையே துண்டிக்கப்படும். வெளிநாட்டில் இருக்கிற அப்பா பார்த்துக்கொண்டிருப்பார், பிள்ளையின் முறை வரும்போது திரை கறுத்துவிடும். பேச்சு, பரிசளிப்பு, நாடகம், பள்ளி எழுதிய பாடல்கள் இவற்றை நேரலையில் விடுங்கள். நடனத்தின்போது நேரலையை நிறுத்தி, அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாகப் பெற்றோருக்கு மட்டும் டிரைவ் இணைப்பாகவோ பென் டிரைவிலோ கொடுங்கள். பெற்றோர் 'ஜே' வட்டத்துக்குள் இருப்பவர்கள்.

பாட வீடியோவின் பின்னணிக்குச் சினிமா இசையே வேண்டாம். யூடியூப் ஸ்டுடியோவின் ஆடியோ நூலகத்தில் இலவச இசை இருக்கிறது. சில துண்டுகளுக்கு மட்டும் பெயர் குறிப்பிட வேண்டும் என்று இருக்கும். அதற்கான வரியை அவர்களே தருவார்கள், அப்படியே விவரப் பெட்டியில் ஒட்டினால் போதும்.

செங்காந்தள் எழுதியது:

மிக்க நன்றி. கூடவே வந்த கேள்விகள்: ஒரு கைடின் பிடிஎஃப், ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. அதை மாணவர் குழுவுக்கு அனுப்பலாமா? ஆங்கிலக் கதையைத் தமிழில் மொழிபெயர்த்து வகுப்புக்குக் கொடுக்கலாமா? பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு முழு நூலையும் ஸ்கேன் செய்து கொடுக்கலாமா? மாலையில் டியூஷன் எடுப்பவர்களுக்கும் இதே விதிதானா?

பிரிவு52 எழுதியது:

கடைசிக்கு முந்தையதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் தயங்கவே வேண்டாத பதில் இருக்கிறது. கொடுக்கலாம், முழு நூலையும். 2012-இல் சேர்ந்த 'இசட்-பி' உட்பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்தில் எந்தப் படைப்பையும் மாற்றவும், படியெடுக்கவும், அவர்களோடு பகிரவும் இடம் தருகிறது. கல்வி நோக்கம் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. நிறுவனம் செய்தால் லாபம் வைக்கக் கூடாது. தயாரிப்புச் செலவை வாங்கலாம். பிரதி அந்த மாணவர்களுக்கு வெளியே வணிகத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதும் நிறுவனத்தின் பொறுப்பு. பார்வையற்றோருக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை உலகில் முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா, 2014-இல். தெரியாமையால் எத்தனையோ பள்ளிகள் இந்த உதவியைச் செய்யாமல் இருக்கின்றன. உங்கள் குறிப்பில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஸ்கேனை வெறும் படமாகக் கொடுத்தால் திரைவாசிப்பான் படிக்காது. எழுத்துணரி (ஓசிஆர்) வழியாக யூனிகோடு உரையாக்கி, தமிழில் ர, ா, ற குழம்பியிருக்கிறதா என்று ஒரு முறை ஒப்பிட்டுவிட்டுக் கொடுங்கள்.

மொழிபெயர்ப்பு: செய்யலாம். மூலப் படைப்புக்குள்ள விலக்குகள் அதன் மொழிபெயர்ப்புக்கும் தழுவலுக்கும் பொருந்தும் என்று பிரிவு 52(2) சொல்கிறது. வகுப்புக்குள் கொடுக்கலாம், நாடகமாக்கலாம். வலைப்பூவிலோ பள்ளி மலரிலோ வெளியிட்டால் அது கற்பித்தல் அல்ல, பதிப்பித்தல். அதற்கு மூல ஆசிரியரின் அனுமதி வேண்டும்.

கைடு பிடிஎஃப் வேண்டாம். கணினியில் சேமிப்பதும் சட்டப்படி படியெடுத்தல்தான், அதனால் மின்வடிவம் என்பதாலேயே விலக்குக்கு வெளியே போய்விடாது. ஆனால் 'ஐ' தருவது படியெடுக்கும் உரிமையை மட்டும். ஒரு பாடத்துக்குத் தேவையான நாலு பக்கத்தை வகுப்பின் மூடிய கூகுள் கிளாஸ்ரூமில் போடுவதற்கு நல்ல வாதம் உண்டு. முழு நூலை, யார் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத டெலிகிராம் சேனலிலோ மாவட்டக் குழுவிலோ விடுவதற்கு எந்த வாதமும் இல்லை. தெரிந்தே மீறுவதற்குப் பிரிவு 63-இன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக லாபத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் காரணம் காட்டிக் குறைக்கலாம். குழுவுக்கு அட்மின் என்று ஆசிரியர் பெயர் இருப்பதை மறக்க வேண்டாம்.

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் பிடிஎஃப் ஆகவே இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவருக்குக் கோப்பை அனுப்புவதைவிட இணைப்பை அனுப்புங்கள். திருத்திய பதிப்பு வரும்போது பழையது சுற்றிக்கொண்டிருக்காது. இலவசமாக இறக்கலாம் என்பதால் அதிலிருக்கும் படங்களை எடுத்துக் கைடு அச்சிட்டு விற்கலாம் என்று ஆகாது. வினாத்தாளில் சேர்ப்பது வேறு, அதற்கு 'ஐ' இருக்கிறது.

டியூஷன்: 'ஜே' கல்வி நிறுவனம் என்று சொல்கிறது, 'ஐ' ஆசிரியர், மாணவர் என்று மட்டும் சொல்கிறது, ஆசிரியர் யார் என்று சட்டம் வரையறுக்கவில்லை. வீட்டில் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஒரு பகுதியைப் படியெடுப்பதில் எனக்குச் சிக்கல் தெரியவில்லை. கட்டணத்தில் "ஸ்டடி மெட்டீரியல்" என்று தனியாக வாங்கும் பயிற்சி மையம், பிறருடைய நூலைத் தொகுத்துக் கொடுத்தால் அது விற்பனை. அங்கே அனுமதி வாங்காமல் இறங்கக் கூடாது என்பதே என் கருத்து.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அனுமதியே தேவைப்படாத பொருள் தமிழில் இவ்வளவு இருக்கும்போது, ஆசிரியர்கள் அதைத் தேடாமல் போவது எனக்கு வருத்தம். நூலகப் பக்கத்திலிருந்து சில.

முதலில் காலக் கணக்கு. எழுத்து, இசை, ஓவியம் எல்லாவற்றுக்கும் படைத்தவர் இறந்த ஆண்டோடு 60-ஐக் கூட்டுங்கள். அப்படிக் கிடைக்கும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதி உரிமை முடியும். கல்கி மறைந்தது 1954, உரிமை முடிந்தது 2014. பாரதிதாசனும் நேருவும் மறைந்தது 1964. காலக் கணக்குப்படி 2025 ஜனவரி 1 முதல் பொது. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் ஆளைப் பார்க்க வேண்டாம், வெளியான ஆண்டோடு 60. 1964 வரை வெளியான படங்கள் 2025 தொடக்கத்தில் விடுபட்டுவிட்டன. ஆசிரியர் இறந்த பின் முதன்முதலாக வெளியான கடிதம், நாட்குறிப்பு என்றால் வெளியான ஆண்டிலிருந்து 60.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு கொடை உண்டு, நாட்டுடைமை. அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்துப் படைப்புகளை மக்களுக்குத் திறந்துவிடுகிறது. பாரதியிலிருந்து தொடங்கி நீண்ட பட்டியல் அது. 60 ஆண்டு முடியாதவர்களும் அதில் இருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேனாகவும், தமிழ் விக்கிமூலத்தில் தேடிப் படியெடுக்கும் உரையாகவும் கிடைக்கும். பழைய இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பு.

சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். குறள் பொது, பரிமேலழகர் உரை பொது. இக்காலத்தவர் எழுதிய உரை அவருடையது. நூறு ஆண்டு முன் மறைந்த வெளிநாட்டு எழுத்தாளரின் கதை பொது. அதைத் தமிழாக்கியவர் உயிரோடு இருந்தால் அந்தத் தமிழ்ப் பிரதி பொது அல்ல. கல்கியின் எழுத்து பொது. அவருடைய தொடர்கதைகளுக்கு மணியம் வரைந்த ஓவியங்கள் வேறு கணக்கு. மணியம் மறைந்தது 1968, ஆகவே 2028 முடிய வேண்டும். சுவரொட்டிக்கோ சேனல் முகப்புக்கோ அந்தப் படத்தை எடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ். பாடப்பொருளுக்கு என்சிஇஆர்டி நடத்தும் தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியம். அது சிசி பை-எஸ்ஏ என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (பிறர் பயன்படுத்தப் படைத்தவரே முன்கூட்டித் தரும் அனுமதி) இருக்கிறது. விண்வெளிப் படங்களுக்கு நாசா, பெரும்பாலானவற்றுக்கு உரிமையே கிடையாது. கூகுளில் படம் தேடினால் கருவிகள் பகுதியில் பயன்பாட்டு உரிமை என்ற வடிகட்டி இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு, படம் இருக்கும் பக்கத்துக்குப் போய் உரிமத்தைக் கண்ணால் பாருங்கள், கூகுள் சொல்வது சில நேரம் தவறும்.

சிசி உரிமத்தில் 'பை' என்றால் பெயர் போட வேண்டும். 'எஸ்ஏ' இருந்தால், மாற்றி வெளியிடும்போது அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். 'என்சி' இருந்தால் வணிகத்துக்கு ஆகாது, விளம்பர வருமானம் வரும் சேனலில் தவிர்த்துவிடுங்கள். 'என்டி' இருந்தால் வெட்டியோ தமிழ்ப் பெயர் ஒட்டியோ வெளியிடக் கூடாது. உயிரியல் படத்தில் பாகங்களுக்குத் தமிழில் பெயர் எழுதுபவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். பெயர் போடுவது என்றால் "நன்றி: கூகுள்" அல்ல. படத்தின் தலைப்பு, எடுத்தவர், கிடைத்த இடம், உரிமம், நான்கும் படத்துக்குக் கீழேயே ஒரே வரியில்: "இலைத்துளை, குறுக்குவெட்டு, எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பை-எஸ்ஏ 4.0, பாகங்களின் பெயர் தமிழில் சேர்க்கப்பட்டது." மாற்றியிருந்தால் கடைசித் துண்டும் கட்டாயம்.

செங்காந்தள் எழுதியது:

பாரதியார் பாட்டு பொது என்றால், பிள்ளைகள் அதைப் பாடி ஆடியதைத் தயக்கமில்லாமல் சேனலில் ஏற்றலாம்தானே?

ஒலிமேசை எழுதியது:

எந்த மெட்டில் என்பதைப் பொறுத்தது. வரி பாரதியுடையது, யாரும் தடுக்க முடியாது. சினிமாவில் வந்த மெட்டில் பாடினால் மெட்டு இசையமைப்பாளருடைய படைப்பு, அதற்குத் தனிக் கணக்கு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகள் காலக் கணக்குப்படி 2020 முதல் பொது. அதே பாடலுக்கு இசை விசுவநாதன்-ராமமூர்த்தி என்றால், இருவரில் கடைசியாக மறைந்தவர் எம்.எஸ்.விசுவநாதன், 2015; மெட்டு 2075 வரை காப்பில் இருக்கும். அந்த 1950-களின் இசைத்தட்டுப் பதிவுக்கு 60 ஆண்டு முடிந்திருந்தாலும் மெட்டு விடுபடவில்லை. கன்டென்ட் ஐடி பதிவை மட்டுமல்ல, மெட்டையும் மோப்பம் பிடிக்கும், பிள்ளைகளே ஆர்மோனியம் வைத்துப் பாடியிருந்தாலும். கரோக்கி டிராக் வைத்தால் அதைத் தயாரித்தவருடைய உரிமை வேறு சேர்ந்துகொள்ளும்.

பள்ளி இசை ஆசிரியர் புது மெட்டு போட்டால் தீர்ந்தது. தமிழ்நாட்டில் நல்ல இசை ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. பாரதியின் ஒரு பாட்டுக்குப் பிள்ளைகள் குரலுக்கு ஏற்ற மெட்டு அமைப்பது அவர்களுக்கும் மனநிறைவான வேலை. இரண்டு கட்டை ஏற்றி எல்லோரையும் கத்தவைக்கும் சினிமா சுருதியைவிடப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே வரும்.

பிரிவு52 எழுதியது:

ஒலிமேசை சொன்னதோடு ஒரு கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பணியாளர் பணியின் பகுதியாக மெட்டு அமைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் பள்ளிதான். வெளியிலிருந்து வந்தவர் அமைத்துக் கொடுத்தால் உரிமை அவருடையது. பள்ளி எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், வாய்ச்சொல் போதாது. பாடலின் பெயர், எதற்கெல்லாம் பயன்படுத்துவோம் என்பது, பணம் ஏதாவது உண்டா இல்லையா என்பது, கையெழுத்து, தேதி இருக்கட்டும். காலத்தை எழுதாமல் விட்டால் பிரிவு 19-இன்படி 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளப்படும். இடத்தை எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும். யூடியூப் சிங்கப்பூரிலும் தெரியும் என்பதால் "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று அந்தத் தாளில் தெளிவாக எழுதி வாங்கிவிடுங்கள்.